இரவல் அதிகாரம்: சர்வாதிகார ஆட்சிகளில் காட்டிக்கொடுத்த குடிமக்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியோர், அரசுக்கும் அறத்துக்கும் இடையே எழும் ஏதேனும் ஒரு சிக்கலை ஆண்டுதோறும் எடுத்துப் பேச வேண்டும் என்று விரும்பினார்கள். இந்த ஆண்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, சர்வாதிகார ஆட்சிகளில் குடிமக்கள் ஒருவரையொருவர் அரசிடம் காட்டிக்கொடுத்த வரலாறு. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கௌடில்யர் ஒற்றர்களை வகை வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அவர்கள் பேசியது அரசன் நியமித்து வேவு பார்க்க அனுப்பும் ஆட்களைப் பற்றி. இன்று என் கவனத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் யாரும் நியமிக்காதவர்கள், யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ உடன் வேலை பார்ப்பவரைப் பற்றியோ கட்டிய கணவரைப் பற்றியோ தாமாகப் போய்ச் சொன்னவர்கள்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், அச்சத்தால் செய்தார்கள் என்றோ கொள்கை வெறியால் செய்தார்கள் என்றோ பதில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தப்பிப் பிழைத்த கோப்புகளைப் படித்தவர்கள் காட்டும் சித்திரம் வேறு. அந்த ஆட்சிகள் தங்கள் தண்டிக்கும் வலிமையைச் செலவில்லாமல், குறுக்குக் கேள்வியில்லாமல், கேட்டவருக்கெல்லாம் இரவல் கொடுக்க ஆயத்தமாக இருந்தன. குடும்பச் சண்டையிலும் வீட்டுத் தகராறிலும் தொழில் போட்டியிலும் சிக்கியிருந்தவர்கள் அந்த இரவலை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே, காட்டிக்கொடுத்தலைப் புரிந்துகொள்ள மனித குணத்தை ஆராய்வதைவிட, சட்டம் எழுதப்பட்ட விதத்தையும் புகார் வாங்கப்பட்ட முறையையும் ஆராய்வது பயன் தரும். இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

1. காவலர் குறைவு, புகார் அதிகம்

ஹிட்லர் ஆட்சியின் ரகசியக் காவல் படையான கெஸ்டப்போவைப் பற்றி நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு அதன் ஆட்கள் நின்றார்கள், எல்லாரையும் கண்காணித்தார்கள் என்பது அந்தப் படம். அதை முதலில் பரப்பியது கெஸ்டப்போவேதான். போரில் தோற்ற பிறகு அது ஜெர்மானியச் சமூகத்துக்கும் வசதியாகப் போயிற்று. எங்கும் காவலர் நிறைந்திருந்தார்கள் என்றால் மற்றவர்கள் எல்லாரும் அகப்பட்டுக்கொண்டவர்கள்தானே! வரலாற்றாய்வாளர் ராபர்ட் கெல்லட்லி 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படத்தைக் கலைத்தது. போரின் முடிவில் பெரும்பாலான ஊர்களில் கெஸ்டப்போ கோப்புகள் எரிக்கப்பட்டுவிட்டன. வூர்ட்ஸ்பர்க் நகரம் அதற்கு விதிவிலக்கு. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டாரத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். 1937இல் அவர்கள் அனைவருக்கும் இருந்த கெஸ்டப்போ அலுவலர்கள் 30 பேர்கூட இல்லை. சுமார் ஆறரை லட்சம் மக்கள் வாழ்ந்த எஸ்ஸன் என்ற தொழில் நகரத்தில் அப்போது 43 பேர். இத்தனை பேரை வைத்துக்கொண்டு யார் யாருடன் பழகுகிறார், யார் வீட்டில் என்ன பேசுகிறார் என்று கண்டுபிடித்திருக்கவே முடியாது.

பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யூதர்களுடன் உறவோ நட்போ வைத்திருந்ததாக வூர்ட்ஸ்பர்க்கில் பதிவான வழக்குகளின் தொடக்கப் புள்ளியை கெல்லட்லி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். நூற்றுக்கு 57 வழக்குகள் பொதுமக்களில் யாரோ ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கியிருந்தன. கெஸ்டப்போ தானாகத் துப்புத் துலக்கிப் பிடித்தவை மிக அரிது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதருக்கும் மற்றவருக்கும் இடையிலான திருமணத்தையும் உறவையும் தடை செய்தன. படுக்கையறைக்குள் நடப்பதைத் தடுக்கும் சட்டத்தை எந்தக் காவல் படையாலும் தனியாக நடைமுறைப்படுத்த முடியாது. எதிர் வீட்டுச் சன்னல் ஒத்துழைத்தால்தான் முடியும். அது ஒத்துழைத்தது.

இங்கே ஒரு மறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். கிரெஃபெல்ட், கொலோன் நகரங்களின் ஆவணங்களை ஆராய்ந்த எரிக் ஜான்சன், கெல்லட்லியின் சித்திரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க கெஸ்டப்போ பொதுமக்களின் புகாருக்காகக் காத்திருக்கவில்லை. சோதனை, சித்திரவதை, கூலிக்கு அமர்த்திய உளவாளிகள் என்று தன் சொந்த வழிகளைக் கையாண்டது. பெரும்பாலான ஜெர்மானியர் தம் வாழ்நாளில் யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இந்த மறுப்பு சரியானது. ஆனால் இது என் வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒரு தெருவையே வாயடைக்கத் தெருவில் எல்லாரும் புகார் கொடுப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் கொடுத்த புகார் பலித்தது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும். பேசுவதற்கு முன் இரு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் பரவியது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் புகார் கொடுத்த சிலர்தான்.

2. ஒரு வழக்கு

கோப்புகளில் காணப்படும் நோக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒரு வழக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1944இல் ஒரு ஜெர்மானியப் படைவீரர் பணி மாற்றத்தின் இடையே ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் ஹிட்லரையும் நாஜித் தலைவர்களையும் இகழ்ந்து பேசினார். ஜூலை 20 அன்று நடந்த கொலை முயற்சியில் ஹிட்லர் தப்பிவிட்டாரே என்றும் வருந்தினார். அவர் கிளம்பிப் போனதும் மனைவி உள்ளூர்க் கட்சித் தலைவரிடம் சென்று, பேசியதையெல்லாம் ஒப்பித்தார். கணவர் இல்லாத காலத்தில் அவருக்கு வேறு தொடர்புகள் ஏற்பட்டிருந்தன. கணவர் திரும்பி வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார். இராணுவ நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை நிறைவேற்றப்படவில்லை. சிறிது காலம் சிறையில் வைத்துவிட்டுப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அவர் உயிர் பிழைத்தார். போருக்குப் பின் மனைவி மீது வழக்கு நடந்தது. 1949இல் பாம்பெர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மனைவியைக் குற்றவாளி என்று தீர்த்தது. 1958இல் ஹார்ட், ஃபுல்லர் என்ற இரு சட்ட அறிஞர்கள், கொடிய சட்டமும் சட்டம்தானா என்று நடத்திய புகழ்பெற்ற விவாதத்துக்கு இந்த வகை வழக்குகளே அடிப்படை.

சட்டத் தத்துவ மாணவர்கள் இவ்வழக்கை அந்தக் கேள்விக்காகப் படிக்கிறார்கள். நான் வேறு இரண்டு செய்திகளுக்காகப் படிக்கிறேன். முதலாவது, வீரரின் மேல் பாய்ந்த சட்டங்களில் ஒன்றான 1934 டிசம்பர் 20ஆம் தேதிச் சட்டத்தின் அமைப்பு. ஆட்சியை அவதூறாகப் பேசுவதை அது குற்றமாக்கியது. நான்கு சுவருக்குள் பேசினால்? அந்தப் பேச்சு வெளியே பரவும் என்று பேசியவர் உணர்ந்திருந்தாலும், உணர்ந்திருக்க வேண்டும் என்று கருத இடமிருந்தாலும், பொது இடத்தில் பேசியதாகவே கொள்ளப்படும் என்றது சட்டம். யோசித்துப் பாருங்கள். அடுக்களையில் சொன்ன சொல்லை வெளியே கொண்டுபோனவர் புகார் கொடுத்தவர். சட்டப்படி குற்றம் முழுமை பெறுவதே அவருடைய செயலால்தான். இரண்டாவது, பாம்பெர்க் நீதிமன்றத்தின் காரணம். புகார் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் அந்த மனைவியைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும், கணவரைச் சிறை வைக்க இராணுவ நீதிமன்றத்தையே ஒரு கருவியாக அவர் கையாண்டார் என்றும் அது கருதியது. இரவல் அதிகாரம் என்று நான் சொல்வதை ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகக் கண்டுகொண்டது.

இப்படிப்பட்ட புகார்களை அரசு விரும்பியதா என்றால், முழுமையாக விரும்பவில்லை. ஆட்சிக்கு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் உள்துறை அமைச்சகமே புகார்களின் பெருக்கத்தைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது. மேலிடம் சலித்துக்கொண்டது. ஆனால் கீழே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் புகாரை வாங்கிக்கொண்டே இருந்தார். வாங்காமல் விட்டு, அது உண்மையாக இருந்து தொலைந்தால் தன் தலை போகும் என்ற கணக்கு அவருக்கு. புகார் கொடுத்தவரின் உள்நோக்கம் என்ன என்று கேட்கும் பொறுப்பு அந்த ஏற்பாட்டில் யாருக்கும் இல்லை.

3. கதவு திறக்கும் விதம்

சோவியத் ஒன்றியத்தில் சூழ்நிலை வேறு, கொள்கை வேறு. இருந்தும் கதவு ஒரே மாதிரி திறந்தது. புரட்சிக்குப் பின் நகரங்களில் பெரிய வீடுகளைப் பகுத்து, அறைக்கு ஒரு குடும்பமாகக் குடிவைத்தார்கள். சமையலறையும் கழிப்பறையும் பொது. இடநெருக்கடி பல பத்தாண்டுகள் தீரவில்லை. 1930களின் புகார்க் கடிதங்களை ஆராய்ந்த ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக், அவற்றில் அறைக்காக எழுதப்பட்டவை ஒரு தனி வகையாகவே இருந்ததைக் காட்டியிருக்கிறார். பக்கத்து அறைக்காரர் கைதானால் அறை காலியாகும். அவரைப் ‘புரட்சியின் எதிரி’ என்று எழுதினால் போதும். தண்டனைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, அந்தச் சொல்லுக்குள் எதையும் அடைக்கும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருந்தது. அதன் ஓர் உட்பிரிவு, அறிந்தும் சொல்லாமல் இருந்தவரையும் குற்றவாளியாக்கியது. தந்தையைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்டு, 1932இல் கொல்லப்பட்ட பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நிறுத்தினார்கள். அந்தக் கதையின் பெரும்பகுதி பிரசாரக்காரர்கள் பின்னியது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. சிலைகள் வைக்க அது தடையாக இருக்கவில்லை.

1939இல் சோவியத் படைகள் கிழக்குப் போலந்தைப் பிடித்தபோது நடந்தவற்றை ஆராய்ந்த யான் கிராஸ், இதைப் பொதுவான ஒரு கருத்தாக வகுத்தார். முழுமையான சர்வாதிகாரத்தில் அரசு எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்திருக்கிறது என்பது பாதி உண்மைதான், தன் வலிமையை எந்தத் தனிமனிதரும் தம் சொந்தப் பகைக்குப் பயன்படுத்த அது விட்டுக்கொடுக்கிறது என்பதே மறுபாதி என்றார். எல்லாராலும் எல்லாரையும் அழிக்க முடிந்தது. அந்த அளவில் அது ஒரு கோரமான சமத்துவம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கதவு திறக்க நான்கு நிபந்தனைகள் தேவைப்படுவது தெரியும். குற்றத்தின் வரையறை தெளிவில்லாமல் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். புகார் பொய்யானால் கொடுத்தவருக்கு நட்டம் இருக்கக்கூடாது. புகாரை வாங்குபவருக்கும் தண்டிப்பவருக்கும் இடையே சுதந்திரமான நீதிபதி இருக்கக்கூடாது. இந்த நான்கும் ஓரிடத்தில் கூடினால், அந்த மண்ணில் வாழ்பவர்கள் எந்த இனத்தவர், எந்த மதத்தவர், எவ்வளவு படித்தவர் என்பதெல்லாம் இரண்டாம்பட்சமாகிவிடும். ஐந்தாவதாகப் பரிசும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ரோமாபுரியில் திபேரியஸ் காலத்தில் அரசத் துரோக வழக்குத் தொடுத்தவருக்குத் தண்டிக்கப்பட்டவரின் சொத்தில் கால் பங்கு கிடைத்தது. குற்றம் சாட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கூட்டம் அங்கே உருவானதில் வியப்பில்லை.

4. அரசே தேடி வந்தபோது

இதுவரை சொன்னதில் குடிமகன் அரசைத் தேடிப் போனார். கிழக்கு ஜெர்மனியில் அரசு குடிமகனைத் தேடி வந்தது. 1950 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஸ்டாசி என்ற பாதுகாப்பு அமைச்சகத்தில் 1989இல் சுமார் 91,000 முழுநேரப் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் கொடுத்த ரகசிய உதவியாளர்கள் ஏறத்தாழ 1,89,000 பேர். நாட்டின் மக்கள்தொகை 1.6 கோடி அளவுதான். ஹிட்லர் காலத்துப் புகார்க்காரர் ஒரு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ஸ்டாசியின் உதவியாளர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சொன்னார். தம் கைப்பட உறுதிமொழி எழுதிக் கொடுத்தார், ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டார். தம்மைக் கையாண்ட அதிகாரியை, அதற்கென்றே ஒதுக்கப்பட்ட வீடுகளில் சந்தித்தார். ஆள் சேர்ப்பதற்கான 1979ஆம் ஆண்டு வழிகாட்டி விதிகள் மூன்று பிடிகளை வகுத்தன: அரசியல் நம்பிக்கை, சொந்தத் தேவைகள், செய்த தவறுக்குப் பரிகாரம் தேடும் மனநிலை. மூன்றாவதைப் பச்சையாகச் சொன்னால், குற்றம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மடக்குவது.

இந்த ஏற்பாடு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதோடு நின்றுவிடவில்லை. 1976ஆம் ஆண்டு விதிகளில், எதிர்ப்பாளர்களைக் கைது செய்யாமலேயே சிதைக்கும் முறைகள் வகுக்கப்பட்டன. நற்பெயரைக் கெடுப்பது, தொழிலில் தோல்விகளை ஏற்படுத்துவது, நண்பர் குழுவுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயத்தை விதைப்பது ஆகியவை அதில் அடங்கும். இதைச் செய்ய நண்பர் குழுவுக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும். நண்பராகவும் உறவினராகவும், சில வீடுகளில் கணவராகவும் அந்த ஆள் இருந்தார் என்பது 1992இல் கோப்புகள் திறந்தபோது தெரிந்தது.

என் கருத்து இங்கே பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். வலிமையை இரவல் வாங்க இங்கே யாரும் போகவில்லையே, அரசல்லவா மனிதரை இரவல் வாங்கியது? வேறுபாடு உண்மைதான். ஆனால் ஸ்டாசி கொடுத்த விலையைக் கவனியுங்கள். பதவி உயர்வு, வெளிநாட்டுப் பயண அனுமதி, பிள்ளைக்குக் கல்லூரி இடம். உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியவற்றை எல்லாம் சலுகைகளாக மாற்றி வைத்திருந்த அரசு, அந்தச் சலுகைகளைத் தகவலுக்கு மாற்றாகக் கொடுத்தது. இங்கும் தீர்மானிப்பது அமைப்புதான்.

5. மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: அச்சத்தில் வாழ்ந்தவர்களை நாம் இங்கே குளிர்ந்த அரங்கில் உட்கார்ந்துகொண்டு எடைபோடலாமா? இதை நான் மதிக்கிறேன். இலங்கை உள்நாட்டுப் போரின்போது சுற்றிவளைப்புகளில் ஊராரை வரிசையாக நடக்கவிட்டு, முகம் மூடிய ஒருவரை முன்னே உட்கார வைத்தார்கள். அவர் தலையை அசைத்தால் அந்த ஆள் கொண்டுபோகப்பட்டார். ‘தலையாட்டி’ என்று ஊர் அவரைத் தூற்றியது. அந்த முகமூடிக்குள் இருந்தவர் பல வேளைகளில் தாமே பிடிபட்டு, அடிபட்டு வந்தவர். அவரையும் அறைக்காகக் கடிதம் எழுதியவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆனால் அச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் பிற்காலத்தில் ஸ்டாசியிடம் சிக்காமல் தப்ப ஓர் எளிய வழி இருந்தது. தம்மை அணுகினார்கள் என்ற செய்தியை நண்பர்களிடம் சொல்லிவிடுவதுதான் அது. ரகசியம் உடைந்த ஆளால் அவர்களுக்குப் பயனில்லை. விட்டுவிட்டார்கள். அப்படித் தப்பியவர்கள் பலர். வாழ்க்கையில் சில கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருக்கலாம், ஆனாலும் மறுக்க இடமிருந்தது. அமைப்பு வாய்ப்பைத் திறந்து வைத்தது என்பதால் அதற்குள் நுழைந்தவரின் பொறுப்பு கழிந்துவிடாது.

இரண்டாம் மறுப்பு: குற்றத்தைத் தெரிந்தும் அரசிடம் சொல்லாமல் இருப்பது குடிமக்கள் கடமையா? ஊழலை அம்பலப்படுத்துபவரும் காட்டிக்கொடுப்பவர்தானே? இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. அம்பலப்படுத்துபவர் தம்மைவிட வலிமையான ஒன்றைத் தட்டிக்கேட்கிறார். ஆவணத்தைக் காட்டுகிறார், அதனால் வரும் இடரைத் தாமே சுமக்கிறார். காட்டிக்கொடுப்பவர் தமக்கு நிகரான அல்லது எளிய ஒருவர் மேல் வலிமையான ஒன்றை ஏவிவிடுகிறார், இடர் முழுவதையும் எதிரில் இருப்பவர் தலையில் கட்டுகிறார். பழிவாங்கலுக்கு அஞ்சுபவருடைய பெயரை ஊருக்கு மறைக்கலாம். விசாரிக்கும் நீதிபதிக்கும் மறைத்தால்தான் சிக்கல்.

மூன்றாம் மறுப்பு நேர்மாறானது: இத்தனை கொடுமை செய்தவர்களைக் கடுமையாகத் தண்டித்தால் இனி ஒருவரும் துணியமாட்டாரே? 1980களில் யாழ்ப்பாணத்தில் தமிழ் இயக்கங்கள் இந்த வழியைக் கையாண்டன. உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டவரைச் சுட்டு, குற்றத்தை எழுதிய அட்டையோடு மின்கம்பத்தில் கட்டினார்கள். சாட்சி யார், ஆதாரம் என்ன, மறுமொழி சொல்ல இடம் கிடைத்ததா என்று எவரும் கேட்க முடியவில்லை. நான் முன்பு சொன்ன நான்கு நிபந்தனைகளும் இங்கே அப்படியே கூடிவிட்டன என்பதைப் பாருங்கள். காட்டிக்கொடுப்பவரை ஒழிப்பது என்ற பெயரில், காட்டிக்கொடுத்தலுக்கு ஒரு புதிய கதவு திறந்தது. யார் மேலும் துரோகி என்ற சொல்லை எறிந்துவிட்டால் போதும் என்றாயிற்று. இதற்கு மாற்றாக, ஒன்றுபட்ட ஜெர்மனி 1991இல் இயற்றிய சட்டத்தைச் சொல்லலாம். 111 கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கப்பட்டிருந்த ஸ்டாசி ஆவணங்களில் தம்மைப் பற்றிய கோப்பைப் படிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை கிடைத்தது. தகவல் கொடுத்தவரின் உண்மைப் பெயரைக் கேட்டறியலாம். பாதிக்கப்பட்ட பிறருடைய விவரங்கள் மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். வேதனையான படிப்புதான். ஆனால் குற்றச்சாட்டு ஆவணத்தோடு வந்தது.

முடிவாகச் சில சொற்கள். கி.பி. 112 வாக்கில் ரோமப் பேரரசின் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் என்று சிலரைக் குறிப்பிட்டு, எழுதியவர் பெயரில்லாத பட்டியல் ஒன்று வந்திருப்பதாகப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். கையெழுத்தில்லாத குற்றச்சாட்டை எந்த வழக்கிலும் ஏற்கக்கூடாது, அது கெட்ட முன்மாதிரி என்று டிராஜன் பதில் எழுதினார். கிறிஸ்தவர்களைத் தண்டிப்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனால் புகார் வாங்கும் முறையில் ஒரு கதவை அடைத்தார். நம் நாட்டில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இல் மொட்டைக் கடிதங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும் இதே கதவை அடைக்கத்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 182, 211ஆம் பிரிவுகள் பொய்ப் புகாரைக் குற்றமாக்கின. அவற்றுக்கு இணையான பிரிவுகள் இன்றைய சட்டத்திலும் உள்ளன. சலிப்பூட்டும் நடைமுறை விதிகளாகத் தோன்றும் இவைதான், அண்டை வீட்டுப் பகையை அரசின் வேலையாக மாற்றாமல் தடுப்பவை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டில் எந்தப் புதிய சட்டம் வந்தாலும் அதன் தண்டனைப் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். குற்றம் எவ்வளவு தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது, யார் புகார் கொடுக்கலாம், அவர் பெயர் யாருக்குத் தெரியும், பொய்யானால் அவருக்கு என்ன ஆகும், தீர்ப்பு யார் கையில் என்ற ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டமானாலும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் இல்லாத சட்டம், இயற்றியவர் யாராக இருந்தாலும், குடிமக்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவும் சட்டம்.